சூரியனுக்கு ஒரு மான்யம்

திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டவுடன் மணற்குன்றும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால் அது பெயர் செய்த குற்றமே தவிர ஊர் செய்த குற்றம் அல்ல. பாலை மரங்கள் அடர்ந்திருந்த வனம் என்பதால் அப்பெயர் வந்தது என்று ஊரார் சொல்வார்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் வயலும் குளமுமாக இருக்கிறது ஊர். அதைத் தாண்டிக் கிழக்கே போனால் காற்றில் உப்பு வாடை அடிக்கும், பிறகு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பாரத தேசத்தின் பெரிய உப்புநீர் ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஒரு கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், மீன்பிடிக்கும் குப்பங்கள் இருக்கின்றன. அந்தக் குப்பங்களுக்கும் சர்க்கார் வழங்கும் ஒரு மான்யத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

இந்தப் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. கருவாடு காய்வதும் வலை உலர்வதும் அந்த வெயிலினால்தான். ஆனால் சூரியன் அஸ்தமித்த பிறகு வீட்டில் எரிகிற விளக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. ஏரிக்கரையில் நின்று தெற்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரியும். அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையம் முதலில் 630 மெகாவாட்டுக்கு அமைந்தது. பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்தது. 2024 மார்ச்சில் இன்னும் 800 மெகாவாட்டுக்கு ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். நிலக்கரிச் சாம்பல் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் கலந்ததைப் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் வழக்கு நடந்தது. சென்னையில் குளிர்சாதனப் பெட்டியும் மாடிப்படி ஏற்றியும் ஓடுவதற்கான மின்சாரத்துக்காகக் கழிமுகத்து மீன்காரர் இறால் இழந்தார் என்றால் அது மிகையாகாது. புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்குத்தானே மாற்று வழியில் முதல் பாத்தியதை என்று ஒரு சாதாரண மனிதன் நினைப்பான். மான்யத்தின் விதிகளைப் படித்தால் அவன் வேறு விதமாக நினைக்க நேரிடும்.

விதிகளைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் 'பிரதம மந்திரி சூரிய வீடு' என்ற திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின் தகடுகள் வைப்பது நோக்கம். ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் தகடு வைப்பவருக்கு 30,000 ரூபாய் மான்யம். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000. மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடிக் கூரை வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நாலு யூனிட் மின்சாரம் கிடைக்கும். பகலில் தகடு தருவது மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் கம்பியிலிருந்து நாம் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே மீட்டர் கழித்துக் கணக்குச் சொல்லும். பால்காரியும் வீட்டுக்காரியும் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொள்கிறார்களே, அந்த மாதிரிதான்.

திட்டம் நல்ல திட்டம். நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர் குடும்பங்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய திட்டம் என்றும் சொல்லுவோம். இரண்டு மாதத்தில் 800 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் வகுத்த விகிதப்படி அந்த வீட்டின் கட்டணம் 4,870 ரூபாய். மூன்று கிலோவாட் தகடு அந்த இரண்டு மாதத்தில் 720 யூனிட் கொடுத்துவிடும். மிச்சம் 80. தமிழ்நாட்டில் 2016-ஆம் வருஷம் மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஏற்பட்டது அல்லவா? ஆகவே கட்டணம் பூஜ்யம். மூன்று கிலோவாட்டுக்குச் சர்க்கார் கணக்கிட்டுள்ள அடிப்படை விலை 1,45,000 ரூபாய். மான்யம் போக 67,000. கடையில் அதற்கு மேலேயே ஆகும் என்றாலும், வருஷத்துக்கு 29,000 ரூபாய் மிச்சமாகும்போது நாலு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும். தகட்டின் ஆயுளோ இருபத்தைந்து வருஷம். இதைவிட நல்ல வட்டிக்கு எந்த நிதியில் பணம் போட முடியும்?

இப்போது குப்பத்துக்கு வருவோம். மூன்று விளக்கு, இரண்டு விசிறி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் ஒரு முனை. இரண்டு மாதத்துக்கு 140 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் 100 இலவசம். அடுத்த 40-க்குச் சலுகை விலை. கட்டணம் நூறு ரூபாய் அளவில்தான் வரும், வருஷத்துக்கு அறுநூறு. இந்த வீட்டுக்காரர் ஒரு கிலோவாட் தகடு வைத்தால், அடிப்படை விலை 50,000-இல் மான்யம் 30,000 போகக் கைக்காசு 20,000. வருஷம் அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்து இருபதினாயிரத்தைத் திரும்ப எடுக்க முப்பத்துமூன்று வருஷம் ஆகும். தகடு இருபத்தைந்தாம் வருஷத்திலேயே ஓய்வு பெற்றுவிடும்! உபரி யூனிட்டுகள் அடுத்த கணக்கில் வரவு வைக்கப்படும் என்கிறார்கள். எரிப்பதற்கு விளக்கே இல்லாத வீட்டில் வரவு இருந்து என்ன பிரயோஜனம்?

கணக்கு வகுப்பில் இதைக் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட விடை சொல்லும்: மின்சாரத்தை அதிகமாகச் செலவழிப்பவருக்கு மான்யம் அதிக லாபம், குறைவாகச் செலவழிப்பவருக்கு நஷ்டம். ஒருவர்மீதும் துவேஷம் கொண்டு விதி எழுதப்படவில்லை. ஏழைக்கு இலவச யூனிட் கொடுத்தது மாநில சர்க்கார்; கூரைக்கு மான்யம் கொடுப்பது மத்திய சர்க்கார். இரண்டும் தனித்தனியே தர்மந்தான். சேர்த்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் காலை வாரிவிடுகிறது.

சரி, காசு கணக்கை மறந்துவிட்டு, புகையில்லாத மின்சாரம் வேண்டும் என்ற ஆசையினாலேயே ஒரு மீனவக் குடும்பம் மனுப்போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு சொந்தமாக இருக்க வேண்டும். தகட்டைத் தாங்கும் கூரை இருக்க வேண்டும். மின் இணைப்பு இருக்க வேண்டும். முன்பு சூரிய மான்யம் எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. வீடு பாட்டனார் பெயரில், மின் இணைப்பு இறந்துபோன தகப்பனார் பெயரில், குடியிருப்பது மூன்று சகோதரர்கள் என்பது நம் ஊர்களில் அபூர்வமான காட்சியா என்ன? 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக் கடல்கோளுக்குப் பிறகு கரையோர ஊர்களில் கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடுகளுக்காவது மட்டக் கூரை உண்டு. ஓட்டு வீடும், சிமெண்டுத் தகடு வேய்ந்த வீடும், ஓலைக் குடிசையும் என்ன செய்யும்? மான்யப் பணமோ, வேலை முடிந்து மீட்டர் மாட்டி அதிகாரிகள் பார்வையிட்ட பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழு விலையை முதலில் புரட்ட வேண்டும். அடமானம் இல்லாமல் குறைந்த வட்டிக்கு வங்கிக் கடன் உண்டு என்று திட்டம் சொல்லுகிறது. மீன் கிடைத்த நாளில் சம்பாத்தியம், கிடைக்காத நாளில் பட்டினி என்றிருப்பவரிடம் வங்கிக் கிளையில் மாதச் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

உப்புக் காற்றையும் மறந்துவிடக் கூடாது. மேட்டூரில் இருபது வருஷம் உழைக்கும் இரும்புச் சட்டம் ஏரிக்கரையில் அத்தனை நாள் தாங்குவதில்லை. உப்புக் காற்றைத் தாங்குமா என்று தகடுகளைச் சோதிப்பதற்குச் சர்வதேசத் தர விதிகள் இருக்கின்றன. கடற்கரையில் வாங்குகிறவர் அந்தச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். கீழே தாங்கும் சட்டத்துக்கு நல்ல துத்தநாகப் பூச்சு வேண்டும். இதற்கெல்லாம் செலவு கூடும். மான்யம் மட்டும் மேட்டூருக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே தொகைதான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அனேகம் பேருக்குத் தெரியாத விஷயம். தெரு மின்சாரம் நின்றால் கூரை மேல் இருக்கும் தகடும் நின்றுவிடும்! வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விசிறி சுற்றாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியர் அடிபட்டு உயிர் இழக்காமல் இருப்பதற்காகவே, வெளியே மின்சாரம் அற்றுப்போனதும் கருவி தானாக அணைந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் பழவேற்காட்டில் மின்சாரம் வேண்டியிருப்பது எப்போது? 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த பிறகு சென்னையைச் சுற்றிலும் கம்பங்கள் விழுந்து பல நாட்கள் இருட்டாகக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்மாதிரி நாளில் வெளிச்சம் தருவது மின்கலம் இணைத்த சாதனம் மட்டுமே. மின்கலத்துக்கோ இந்தத் திட்டத்தில் தனி மான்யம் கிடையாது. நகரத்து வீட்டில் சூரியன் கட்டணத்தைக் குறைக்கிறான். கடற்கரை வீட்டில் அவன் புயல் இரவில் ஒரு விளக்கு ஏற்றித் தர வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவை.

மின்கலத்தோடு கூடிய விளக்கைத் தமிழ்நாடு முன்னமே கொடுத்துப் பார்த்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள் தரப்பட்டன. படுக்கை அறைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று. வீட்டுக்கு 1,80,000 ரூபாய் மதிப்பீட்டில் 30,000 ரூபாய் இந்த விளக்குக்காகவே ஒதுக்கினார்கள். கழிப்பறைக்கும் ஒரு விளக்கு என்று யோசித்தவரை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். இரவில் வெளியே போக அஞ்சும் பெண்பிள்ளைகளை நினைத்துப் பார்த்த உத்தியோகஸ்தர் அவர். ஆனால் மின்கலம் சில வருஷங்களில் சக்தி ஒடுங்கிவிடும் பொருள். புதிது வாங்கும் பணத்துக்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம் வைப்பதில்லை. மருமகளுக்கு நகை போட்டுக் கூட்டி வந்துவிட்டு அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதிருக்கும் சம்பந்தியைப் போல!

அதற்கடுத்தபடி 2012-ஆம் வருஷத்துச் சூரிய சக்திக் கொள்கை வந்தது. அதையொட்டி, மத்திய சர்க்கார் தந்த 30 சதவிகிதத்தோடு மாநிலமும் வீட்டுக் கூரைக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தது. அதையும் பெரும்பாலும் மாடி வீட்டுக்காரர்தான் வாங்கினார்.

இந்தக் குறை நம் தேசத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனி 1990-இல் 'ஆயிரம் கூரை' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 2000-ஆம் வருஷத்தில், கூரையில் விளையும் மின்சாரத்தை நிச்சயமான விலைக்கு வாங்கிக்கொள்வதற்குச் சட்டமே செய்தது. ஜப்பான் 1994 முதல் பாதி விலை வரையில் மான்யம் கொடுத்தது. உலகமெங்கும் தகட்டின் விலை சரிந்ததற்கு அந்தச் செலவும் ஒரு காரணம். அதற்காக நாம் நன்றி செலுத்த வேண்டும். அங்கேயும் முதலில் பயனடைந்தவர் சொந்தக் கூரை உள்ளவர்தான். வாடகைக்குக் குடியிருந்தவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் குளிருக்கு வீட்டைச் சூடாக்க வேண்டுமே, அதற்கு எரிவாயுக் கொப்பரையை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் இயந்திரத்தை வைத்தால் மான்யம் உண்டு. 2022-இல் 5,000 பவுனாக இருந்ததை 2023 அக்டோபரில் 7,500 பவுனாக உயர்த்தினார்கள்.

நம் பக்கத்தில் வீட்டைச் சூடாக்க மான்யம் கேட்டால் சித்திரை மாதத்தில் சிரிப்பார்கள். நமக்கு வெப்பம் வேண்டியிருப்பது இரண்டு இடத்தில்: அடுப்பில்; கருவாட்டுக் களத்தில். அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016 மே 1-ஆம் தேதி தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்புக் கொடுத்தது. 2023 அக்டோபரில் உருளைக்கு 300 ரூபாய் சலுகையும் ஆயிற்று. உருளை தீர்ந்து கையில் பணமும் இல்லாத வாரத்தில் சீமைக் கருவேல முள் மறுபடி அடுப்புக்குள் வருகிறது. புகை பழைய புகைதான்.

களத்தைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது. ஐப்பசி மாதத்தில் ஏரிக்கரையோரம் கருவாடு காயவைத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கூரைத் தகட்டைப் பற்றியும் எழுபத்தெண்ணாயிரத்தைப் பற்றியும் நாம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "வெயிலுல கரண்டு எடுக்குறது இருக்கட்டும் வாத்தியாரய்யா, மழையில கருவாடு காய வைக்க ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க" என்றார்.

வழி இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் சூரிய உலர்த்திகள் அமைத்திருக்கிறார்கள். வெயிலில் சூடான காற்று பெட்டிக்குள் அடுக்கிய தட்டுகளின் வழியாகப் போய் மீனை உலர்த்தும். மேகம் மூடினால் எரிவாயுவோ விறகோ மின்சாரமோ துணைக்கு வரும். மணல் ஒட்டாது; ஈ மொய்க்காது; நாய் இழுத்துக்கொண்டு போகாது. மீன்வளத்துக்கென்றே 2020-இல் 20,050 கோடி ரூபாயில் 'மத்ஸ்ய சம்பதா' திட்டம் தொடங்கினார்கள். பனிக்கட்டித் தொழிற்சாலைக்கும் குளிர்பதன அறைக்கும் அதில் உதவி உண்டு: பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம். கருவாடு காயவைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய உலர்த்தியைச் சூரிய மான்யத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், அறுநூறு ரூபாய்க் கட்டணத்தைப் பூஜ்யமாக்குவதைவிடப் பன்மடங்கு பலன் அந்த வீட்டுக்கு உண்டு. ஒரு திட்டம் ஒரு இலாகாவில், மற்றது வேறு இலாகாவில். சூரியன் மட்டும் எந்த இலாகாவிலும் உத்தியோகம் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவாக உதிக்கிறான்.

ஏரியின் வடகரை ஆந்திர ராஜ்யம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வீடுகளுக்கு 2 கிலோவாட் தகடு இலவசமாகவே வைத்துத் தருவதென்றும், பிற்பட்ட வகுப்பாருக்கு மத்திய மான்யத்துக்கு மேல் 20,000 ரூபாய் சேர்த்துக் கொடுப்பதென்றும் அந்த சர்க்கார் 2025-இல் அறிவித்தது. ஒரே ஏரி, ஒரே இறால், ஒரே வெயில். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.

மத்திய திட்டத்திலேயே 'முன்மாதிரிச் சூரிய கிராமம்' என்று ஒரு பிரிவு உண்டு. ஜில்லாவுக்கு ஒரு கிராமம். பரிசு ஒரு கோடி ரூபாய். 5,000 ஜனங்களுக்கு மேல் இருக்கும் வருவாய்க் கிராமங்கள் போட்டியிடலாம். எந்தக் கிராமத்தில் ஏற்கெனவே அதிகமாகச் சூரிய சாதனம் பொருத்தியிருக்கிறதோ அது ஜெயிக்கும். ஓடத் தெரிந்தவனுக்குப் பந்தயத்தில் குதிரையும் கொடுப்பதுபோல் இருக்கிறது நமக்கு. சிறு குப்பங்களுக்கு அந்தப் பந்தயத்தில் நிற்கவே இடமில்லை.

தனித்தனிக் கூரையைத் தேடுவதை விட்டுப் பொதுக் கூரையைத் தேடினால் என்ன? பொதுவில் இருக்கும் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளும் கலையை இந்தக் குப்பங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை வெகு காலமாக இருந்து வருகிறது. இறால் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இரா. ஒன்றில் கூடை நிறையும், மற்றதில் அடி கூட மறையாது. ஆகையால் தலைக்கட்டுகளின் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, இன்று உனக்கு இந்த இடம், அடுத்த முறை எனக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம். தலைக்கட்டில் பெயர் இல்லாதவருக்கும், கையாலேயே இறால் துழாவிப் பிழைக்கும் இருளருக்கும், பெண்களுக்கும் சீட்டில் இடமில்லை. புதிய ஏற்பாடு செய்யும்போது அவர்களையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வலை பின்னும் கூடத்தின் மேலோ மீன் ஏலம் போடும் கொட்டகையின் மேலோ ஆயிரம் சதுர அடி இருந்தால் பத்து கிலோவாட் வைக்கலாம். நாளொன்றுக்கு நாற்பது யூனிட். பக்கத்தில் ஒரு மின்கல அறை. சாதாரண நாளில் அந்த மின்சாரம் மீனுக்குப் பனிக்கட்டி வைக்கும் பெட்டிகளையும் உலர்த்தியின் விசிறியையும் ஓட்டும். புயல் நாளில் அதே கூடத்தில் ஊரார் தங்குவதற்கு விளக்கும், கைப்பேசிக்கு உயிரும் தரும்.

இதற்கு மான்ய விதியில் ஒரு சிறு வாசல் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கொடுக்கிறார்கள். சென்னையில் மாடிப்படி ஏற்றிக்கும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் அந்தப் பணம் கிடைக்கும். பத்து கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய். 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்று விதியில் எழுதியிருக்கும் இடத்தில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். வருஷத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பலாம். மாலை நாலரை மணிக்கு மேல் நாம் அங்கேதான் இருப்போம்.